விடை சொல்லும் கம்ப்யூட்டரை விட, சரிபார்க்கும் கம்ப்யூட்டர் நல்லது

"பிள்ளை படிப்புக்குத்தாங்க வாங்குறோம்."

கல்லாவியில் நான் வைத்திருக்கும் சிறிய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இதுதான். அப்பா ஓசூரிலோ பெங்களூரிலோ ஃபேக்டரி வேலையில் இருப்பார். வாரம் ஒரு நாள் ஊருக்கு வருவார். போனஸ் பணத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரை வாங்கிக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார். விண்டோஸ் போட்டு, இண்டர்நெட் இணைப்பைச் சரிசெய்து கொடுப்பேன். அப்புறம் அவர் மெதுவாகக் கேட்பார்: "இது கணக்குச் சொல்லிக் கொடுக்குமாங்க?"

"ஏன் கொடுக்காது? எல்லாம் கொடுக்கும்" என்றுதான் பல வருடம் பதில் சொல்லிக் கொண்டிருந்தேன். அந்தப் பதில் பாதிதான் சரி என்று என் தங்கை மகள் விஷயத்தில் புரிந்துகொண்டேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கு அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என்ன நடந்தது?

அவள் பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். இயற்கணிதப் பாடத்தில் பல்லுறுப்புக் கோவைகளை வகுக்கும் கணக்குகள் அவளுக்கு வரவில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குவது இது. பத்தாம் வகுப்பில் மீ.பொ.வ. காண்பதற்கும், வர்க்கமூலம் காண்பதற்கும் இதே நீள் வகுத்தல் மீண்டும் வரும். அடித்தளம் ஆடினால் மேலே உள்ளதெல்லாம் ஆடும்.

"மாமா, இதுக்கு கம்ப்யூட்டர்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். நான்தான் உட்கார்ந்து காட்டிக் கொடுத்தேன். கணக்கை டைப் செய்தால் ஈவையும் மீதியையும் உடனே தரும் தளங்கள் உண்டு. கணக்கைப் போனில் படம் பிடித்தால் படிகளோடு விடை தரும் ஃபோட்டோமேத் போன்ற ஆப்கள் 2014 முதல் இருக்கின்றன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, கேட்ட கேள்விக்குப் பேச்சு நடையிலேயே விளக்கம் தரும் வசதியும் வந்துவிட்டது. எல்லாவற்றையும் புக்மார்க் செய்து கொடுத்துவிட்டு, பெரிய உதவி செய்த திருப்தியில் கடைக்கு வந்துவிட்டேன்.

ஒரு மாதம் வீட்டுப்பாட நோட்டில் எல்லாம் டிக். காலாண்டுத் தேர்வில் வகுத்தல் கணக்கு வந்த இடத்தில் வெறும் தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா கடைக்கே வந்துவிட்டார். "மச்சான், அந்தப் பொட்டியை யாருக்காவது வித்துக் கொடுத்துடுங்க. அது வந்ததுலேருந்துதான் புள்ள கெட்டுப் போச்சு" என்றார். அதைவிட எனக்கு வலித்தது அவள் சொன்னதுதான். "எனக்குக் கணக்கு வராது மாமா. பதினொண்ணாவதுல கணக்கு இல்லாத குரூப் எடுத்துக்கறேன்."

பொட்டியின் மேல் தவறு இல்லை. அதை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்த என் மேல்தான் தவறு.

அவள் எங்கே தவறினாள்?

"உன் நோட்டில் நீயே போட்ட கணக்கு ஒன்றைக் காட்டு" என்றேன். பழைய நோட்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஒன்றை எழுதிக் கொடுத்து, என் எதிரிலேயே போடச் சொன்னேன்.

2எக்ஸ்³ − 3எக்ஸ்² + 5 என்ற கோவையை எக்ஸ் − 2 ஆல் வகுக்க வேண்டும்.

ஈவின் முதல் உறுப்பு 2எக்ஸ்² என்று சரியாகவே எழுதினாள். அதை எக்ஸ் − 2 ஆல் பெருக்கி, 2எக்ஸ்³ − 4எக்ஸ்² என்று கீழே எழுதினாள். அதுவும் சரி. இப்போது கழிக்க வேண்டும். மேலே −3, கீழே −4. கழித்தால் கீழே உள்ள குறி மாறும். −3 + 4 = 1 என்று வர வேண்டும். அவள் −7 என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு அவள் செய்த ஒவ்வொரு படியும் சரி. எக்ஸ் உறுப்பு கணக்கில் இல்லை என்பதைக் கவனித்து, அந்த இடத்தில் 0 போட்டாள். பல பேர் அங்கேதான் விழுவார்கள், அவள் விழவில்லை. கடைசியில் அவளுக்குக் கிடைத்தது: ஈவு 2எக்ஸ்² − 7எக்ஸ் − 14, மீதி −23.

சரியான விடை: ஈவு 2எக்ஸ்² + எக்ஸ் + 2, மீதி 9.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் உறுப்பைத் தவிர ஒன்றுகூட ஒத்துப் போகவில்லை. பார்க்கிற பிள்ளை என்ன நினைக்கும்? 'நான் போட்டது மொத்தமும் தப்பு. எனக்கு இது வராது.' உண்மையில் தவறு ஒரே ஒரு குறியில்தான். விடையை மட்டும் சொல்லும் கம்ப்யூட்டர் அந்த உண்மையை அவளிடம் சொல்லவே இல்லை.

"படிகளையும் காட்டுகிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். காட்டுகிறது. ஆனால் அது தன்னுடைய சரியான படிகளைக் காட்டுகிறது. உங்கள் பிள்ளை எந்த வரியில் சறுக்கியது என்று அதற்குத் தெரியாது. தேர்வில் விடைக்கு மட்டுமல்ல, படிகளுக்கும் மார்க் உண்டு. அந்தப் படிகளை அங்கே பிள்ளைதான் எழுத வேண்டும்.

ஒரு சின்ன அட்டவணை

வகுத்தலைச் சரிபார்க்க நாம் மூன்றாம் வகுப்பிலிருந்தே அறிந்த வழி ஒன்று இருக்கிறது. வகுத்த எண்ணை ஈவால் பெருக்கி, மீதியைக் கூட்டினால், பழைய எண் திரும்பி வர வேண்டும். 17-ஐ 5 ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 2. ஐமூன்று பதினைந்து, இரண்டைக் கூட்டினால் பதினேழு. பல்லுறுப்புக் கோவைக்கும் இதே விதிதான். கையால் செய்தால் நேரம் எடுக்கும், அலுப்பாக இருக்கும். அலுப்பான வேலையைச் செய்யத்தானே கம்ப்யூட்டர் வாங்கினோம்?

எக்செல் இருந்தால் அதைத் திறங்கள். இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். அதில் உள்ள கால்க் போதும். இப்போது கீழே உள்ளபடி செய்யுங்கள்.

1. முதல் வரிசையில் கணக்கில் உள்ள கெழுக்களை மட்டும் டைப் செய்யுங்கள். ஏ1-ல் 2, பி1-ல் −3, சி1-ல் 0, டி1-ல் 5. எக்ஸ் உறுப்பு இல்லாததால் சி1-ல் 0. அதை மறந்தால் ஒரு செல் காலியாக நின்று காட்டிக் கொடுத்துவிடும்.

2. இ1 செல்லில் 2 என்று டைப் செய்யுங்கள். எக்ஸ் − 2 ஆல் வகுப்பதால் 2. எக்ஸ் + 3 ஆல் வகுத்தால் இங்கே −3 வரும்.

3. இரண்டாம் வரிசையில் பிள்ளை கண்டுபிடித்த ஈவின் கெழுக்கள், கடைசியில் மீதி. அவளுடையது 2, −7, −14, −23.

4. ஏ3 செல்லில் சமக்குறி அடித்து, ஏ2-ஐக் கிளிக் செய்து, என்டர் தட்டுங்கள்.

5. பி3-ல் சமக்குறி அடித்து, பி2-ஐக் கிளிக் செய்யுங்கள். மைனஸ் அடித்து, ஏ2-ஐக் கிளிக் செய்யுங்கள். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி அடித்து, இ1-ஐக் கிளிக் செய்து, என்டர் தட்டுங்கள்.

6. சி3-லும் டி3-லும் இதையே செய்யுங்கள். அதாவது, நேர் மேலே உள்ள செல்லிலிருந்து, அதற்கு இடப்பக்கம் உள்ள செல்லை இ1 ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும்.

ஃபைலை சேவ் செய்துகொள்ளுங்கள். அடுத்த கணக்குக்கு முதல் இரண்டு வரிசையையும் இ1-ஐயும் மாற்றினால் போதும். மூன்றாம் வரிசை தானே மாறிவிடும். எக்ஸ்⁴ வரும் கணக்கென்றால் ஒரு நெடுவரிசை கூடும், இ1-ல் வைத்த எண்ணை எஃப்1-க்குத் தள்ளிவிடுங்கள்.

விடை சரியாக இருந்தால் முதல் வரிசையும் மூன்றாம் வரிசையும் ஒன்றாக இருக்கும். தவறாக இருந்தால்தான் இதன் அருமை தெரியும். அவளுடைய விடைக்கு மூன்றாம் வரிசையில் வந்தது: 2, −11, 0, 5. முதல் வரிசையில் இருப்பது: 2, −3, 0, 5.

பார்த்தீர்களா? நான்கில் மூன்று ஒத்துப் போகிறது. இரண்டாவது நெடுவரிசை மட்டும் ஒத்துப் போகவில்லை. எக்ஸ்² வரும் இடத்தில் செய்த கழித்தலில்தான் தவறு, மற்றதெல்லாம் சரி என்று அட்டவணை விரல் வைத்துக் காட்டுகிறது. சரியான விடை என்ன என்று அது சொல்லவில்லை. அதைப் பிள்ளைதான் திரும்பிப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

அவள் திரையையே பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு, "இந்த ஒண்ணுதான் தப்பா மாமா?" என்றாள். ரப்பரை எடுத்து −7-ஐ அழித்தாள். இரண்டு நிமிடத்தில் 9 வந்தது.

இது புது வித்தை அல்ல

எக்ஸை விட்டுவிட்டு, கெழுக்களை மட்டும் கட்டங்களில் வைத்துக் கணக்குப் போடுவது எக்செல் கண்டுபிடித்தது அல்ல. 12ஆம் நூற்றாண்டில் பாக்தாதைச் சேர்ந்த கணித அறிஞர் அஸ்-ஸமவ்அல், ஒவ்வொரு படிக்கும் ஒரு நெடுவரிசை ஒதுக்கி, கெழுக்களை மட்டும் எழுதிப் பல்லுறுப்புக் கோவைகளை வகுத்துக் காட்டியிருக்கிறார். பாடப்புத்தகத்தில் உள்ள தொகுமுறை வகுத்தலும் இதே வழிதான். 1800களின் தொடக்கத்தில் இத்தாலியில் ருஃபினியும் இங்கிலாந்தில் ஹார்னரும் தந்த முறைகளிலிருந்து வந்தது அது.

இன்னொரு செய்தி உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். "இதைப் படிச்சு என்ன மாமா ஆகப் போகுது?" என்று அவள் கேட்டபோது நான் சொன்னது இது. பழைய சிடியிலிருந்தோ ஹார்டு டிஸ்க்கிலிருந்தோ ஃபைலை காப்பி செய்யும்போது 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்று ஒரு பிழைச் செய்தி வந்து நின்றுபோவதைப் பார்த்திருப்பீர்கள். சுருக்கமாக சிஆர்சி. 1961-ல் வெஸ்லி பீட்டர்சனும் பிரவுனும் சேர்ந்து எழுதிய கட்டுரை இதற்கு அடிப்படை. உங்கள் ஃபைலில் உள்ள 0, 1 எல்லாவற்றையும் ஒரு நீண்ட பல்லுறுப்புக் கோவையின் கெழுக்களாக எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட ஒரு கோவையால் கம்ப்யூட்டர் வகுக்கிறது. அதில் வரும் மீதியைக் குறித்து வைக்கிறது. படிக்கும்போது மறுபடி வகுத்துப் பார்க்கிறது. மீதி ஒத்துப் போகாவிட்டால், 'எங்கோ கெட்டுப் போயிருக்கிறது' என்று நிறுத்திவிடுகிறது. ஜிப் ஃபைலிலும் இப்படித்தான். அங்கே வகுக்கும் கோவையின் படி 32.

அந்த வகுத்தலில் கெழுக்கள் 0, 1 மட்டும்தான். அதில் கூட்டினாலும் கழித்தாலும் ஒரே விடை வரும், குறி மாறும் தொல்லையே கிடையாது. இதைச் சொன்னதும் அவள், "அதுக்கு மைனஸே இல்லையா? குடுத்து வச்சது மாமா" என்றாள்.

கம்ப்யூட்டர் தான் எழுதி வைத்ததையே சும்மா நம்புவதில்லை. மீதியை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் நம்மிடம் தருகிறது. அந்தப் பழக்கத்தைத்தான் நம் பிள்ளைகள் அதனிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

அப்படியானால் மற்ற உதவியே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. முதல் முறை படிக்கும்போது யாராவது ஒரு கணக்கைப் போட்டுக் காட்டத்தான் வேண்டும். ஆசிரியர் இருக்கிறார். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி தமிழிலேயே பாடங்களை ஒளிபரப்பியிருக்கிறது. தமிழக அரசின் பாடப்புத்தகங்களை இலவசமாக பிடிஎஃப் வடிவில் டவுன்லோட் செய்யலாம். எங்கள் வீட்டில் வைத்திருக்கும் விதி எளிமையானது: ஒரு கணக்கைப் பார், அடுத்த கணக்கை நீ போடு, பிறகு சரிபார்.

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இண்டர்நெட்டில் கிடைப்பதில் பெரும்பகுதி ஆங்கிலம். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படித்து, இண்டர்நெட்டில் ஆங்கிலத்தைப் பார்த்து விழிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஐந்து சொற்களைத் தெரிந்து வைத்தால் பாதி பயம் போய்விடும். பல்லுறுப்புக் கோவை என்றால் பாலினாமியல். நீள் வகுத்தல் லாங் டிவிஷன். ஈவு கோஷண்ட். மீதி ரிமைண்டர். கெழு கோஎஃபிஷியண்ட். இவற்றை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வையுங்கள்.

மேலே சொன்ன அட்டவணை, எக்ஸிலிருந்து ஓர் எண்ணைக் கழித்தோ கூட்டியோ வரும் கோவையால் வகுக்கும்போது மட்டும்தான் பயன்படும். மீ.பொ.வ. கணக்கில் எக்ஸ்² வரும் கோவையாலும் வகுக்க வேண்டியிருக்கும். அதற்கு ஜியோஜீப்ரா என்ற மென்பொருள் இருக்கிறது. 2001-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கியது. மாணவர்களுக்கு இலவசம். அதன் காஸ் பகுதியில் டிவிஷன் என்ற கட்டளை ஈவையும் மீதியையும் தந்துவிடும். அதைத் தொடாதீர்கள். எக்ஸ்பேண்ட் என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். வகுக்கும் கோவையையும் பிள்ளையின் ஈவையும் பெருக்கலாகக் கொடுத்து, மீதியைக் கூட்டச் சொன்னால், அது விரித்துக் காட்டும். கணக்கில் உள்ள கோவையோடு ஒப்பிட்டால், எந்த உறுப்பில் வேறுபடுகிறது என்று தெரியும்.

சாட்ஜிபிடி போன்றவற்றைக் கேட்பதானாலும், "விடை சொல்லாதே. நான் போட்ட படிகளில் எந்த வரியில் தவறு என்று மட்டும் சொல்" என்று கேளுங்கள். ஆனால் ஒன்று. அவை சில சமயம் தவறானதையும் சரியானது போல அடித்துச் சொல்லும். அதனால் அது சொன்னதையும் அட்டவணையில் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அப்பாவுக்கும் ஒரு வேலை

இந்த அட்டவணையில் நான் எதிர்பார்க்காத ஒரு நன்மை இருந்தது.

என் மாப்பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்றவர். மகள் கணக்கு நோட்டை நீட்டினால், "எனக்கென்ன தெரியும் இதெல்லாம்" என்று ஒதுங்கிவிடுவார். மீறிக் கேட்டால் கோபம் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னால் நின்று பார்த்துக் கொண்டிருந்தவர், "மேல ஒரு வரிசை, கீழ ஒரு வரிசை. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். அவ்வளவுதானே மச்சான்?" என்றார்.

அவ்வளவுதான். இதைப் பார்த்துச் சொல்ல அல்ஜீப்ரா தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஃபேக்டரியில் அவர் பார்ப்பதும் கிட்டத்தட்ட இந்த வேலைதான். தாளில் உள்ள அளவும் பொருளின் அளவும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பது.

கம்ப்யூட்டரை விற்கவில்லை. புக்மார்க்குகளை நான் அழிக்கவும் இல்லை. அவளே ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருக்கிறாள். அரையாண்டுத் தேர்வு இன்னும் வரவில்லை. எத்தனை மார்க் வரும் என்று எனக்குத் தெரியாது. இன்னமும் அவளுக்குக் கழித்தலில் குறி தவறுகிறது. ஆனால் 'எனக்குக் கணக்கு வராது' என்பதை இப்போது சொல்வதில்லை. "மூணாவது கட்டத்துல இடிக்குது மாமா" என்கிறாள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

ராத்திரி ஷிஃப்டில் டீ குடிக்கும் நேரத்தில் அவள் அப்பா ஓசூரிலிருந்து போன் செய்கிறார். முன்பெல்லாம் "சாப்டியா, படிச்சியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாராம். இப்போது வேறு ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது.

"ரெண்டு வரிசையும் ஒண்ணா வந்துச்சாம்மா?"